ஆயிரம் சிள்

உயிரின் மதிப்பை மனித இனம் முதன்முதலாகத் துல்லியமாக அளந்த இடம் இது. தென்காசிச் சாலையில் இருக்கும் எங்கள் தலைமையகத்தின் வாசலில், ஒன்பதடி உயரக் கருங்கல்லில், பொன்னெழுத்தில் அப்படித்தான் பொறித்திருக்கிறது. ஸ்டாண்டு உடைந்த பைக்குகளை அந்தக் கல்லின் மேல்தான் சாய்த்து வைப்போம். என் வண்டியும் அதில் ஒன்று.

துறையின் பெயர் உயிர்மதிப்பு அளவைத் துறை. நான் அதில் இரண்டாம் நிலை அளவையாளர். முதல் நிலை என்று ஒருவரை இதுவரை நியமிக்கவில்லை.

எதை அளப்பதற்கும் ஒரு படிக்கல் வேண்டும். பதினோரு வருடங்களுக்கு முன் துறை தொடங்கியபோது அந்தக் கல்லைத் தேர்ந்தெடுக்க ஏழு அறிஞர்கள் இரண்டு வருடம் உட்கார்ந்தார்கள். மனிதனையே ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம் என்பது முதல் யோசனை. ஒரு மனிதனை அளந்தும் பார்த்தார்கள். முடிவு கோப்பில் இல்லை. யோசனையும் அதன் பிறகு இல்லை. கடைசியில் எங்கள் இயக்குநர் முனைவர் சிதம்பரதாணுதான் குகைச் சிள்வண்டைச் சொன்னார். எந்தக் குகையிலும் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். இருட்டை விட்டுப் பகலில் வெளியே வராது. இறக்கை கிடையாது. சிள்வண்டு என்று பெயர் வாங்கியும் ஒரு சத்தம் போடத் தெரியாது. இதைவிட அற்பமான உயிர் மாநிலத்தில் இல்லை, ஆகவே இதுவே ஒன்று என்று குழு கையெழுத்திட்டது. அலகுக்கு 'சிள்' என்று பெயர்.

விதி எளிது. ஓர் உயிரினம் ஆயிரம் சிள்ளுக்கு மேல் தேறினால் அதைத் தொட யாருக்கும் உரிமையில்லை. ஆயிரத்துக்குக் கீழே இறங்கினால் 'வளர்ச்சிக்கு இடையூறில்லை' என்று நான் சான்று எழுதுவேன். மறுநாள் புல்டோசர் வரும்.

அசல் சிள்வண்டு எங்கள் மூன்றாவது மாடியில், பித்தளைச் சட்டம் போட்ட கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. அறைக்கு மூலக்கூடம் என்று பெயர். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் பெட்டிக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் இருக்கும் சிறு துளை வழியாகப் பொரி போடுவோம். பழைய சந்தனத்தைத் துடைப்பது அபசகுனம் என்று யாரோ சொன்னதால் அதைத் துடைப்பதில்லை. அளவை நாளன்று காலையில் நான் இருப்பளவியை அந்தப் பித்தளைச் சட்டத்தில் தொட்டு வைப்பேன். அது ஒரு முறை கூவும். அவ்வளவுதான், தராசுக்குப் படிக்கல் ஏறிவிட்டது. டிபன் கேரியர் அளவுக் கருவி அது. தோளில் மாட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான்.

அந்தத் திங்கட்கிழமை நான் ஏறியது ஈச்சாடி மலை. அளக்க வேண்டியது நீர்க்குங்கிலி என்ற மரம். அந்த மரம் உலகத்தில் அந்த ஒரு சரிவில்தான் இருக்கிறது, மொத்தம் இருபத்து மூன்று. சரிவைக் குடைந்து மின்சாரத்துக்காக நீர்ச்சுரங்கம் போட ஆறு வருடமாக ஒரு கோப்பு காத்துக்கொண்டிருந்தது.

மரங்களுக்குக் காவல் முப்பிடாதி அக்கா. வயது ஐம்பத்திரண்டு. வனக் காவலராகப் பத்தொன்பது வருடம் அதே சரிவில். அதற்கு முன்னால் பதினோரு வருடம் சந்தையில் கருவாட்டுக் கடை. கருவி கணக்குப் போட்டு முடிக்கும்வரை என் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன சார்?"

தொள்ளாயிரத்து அறுபத்து மூன்று என்றேன்.

அக்கா மரத்தின் அடியில் போய், பட்டையில் ஊர்ந்த ஓர் எறும்பைச் சுற்றிக்கொண்டு, உள்ளங்கையை வைத்தார். அந்தச் சரிவின் முந்தைய அளவுகள் எனக்கும் மனப்பாடம். ஆறு வருடங்களுக்கு முன் ஆயிரத்து நானூற்று முப்பது. அதற்கு முன்பும் அதே அளவுதான். பிறகு வருடா வருடம் நூறு நூறாகக் குறைந்து வந்தது. மரத்தின் முக்கியத்துவம் இயல்பாகத் தேய்கிறது என்று நானே மூன்று அறிக்கைகளில் எழுதியிருந்தேன்.

"இந்த மெஷினு என்னத்த அளக்குதுன்னு ஒருக்கா சொல்லுங்களேன். கேட்டா தப்பா நெனைக்காதிய."

சொன்னேன். "இந்த மரம் இல்லன்னு வச்சுக்கிடுங்க அக்கா. அதனால எது எது தடுமாறும்னு இது தேடும். பொந்துல கூடு வைக்கிற இருவாச்சிப் பறவை, வேரு புடிச்சு வச்சிருக்க தண்ணி, அந்தத் தண்ணிய ஊருக்குள்ள குழாயில புடிக்கிறவன் வரைக்கும். எல்லாத்தையும் கூட்டும். அப்புறம் எங்க ஆபீஸ் சிள்வண்டு இல்லன்னா எவ்வளவு தடுமாறுமோ, அதால வகுக்கும்."

அக்கா யோசித்தார். "மரம் அன்னைக்கும் இருவத்தி மூணு, இன்னைக்கும் இருவத்தி மூணு. இருவாச்சி வருது. ஓடை ஓடுது. குழாயில தண்ணி புடிக்கிற கூட்டம் கூடித்தான் இருக்கு. பெறகு எப்படிக் கொறையும்?"

பதில் தெரியாதபோது சொல்வதற்கென்று துறையில் சில வாக்கியங்கள் உண்டு. அதில் ஒன்றைச் சொன்னேன்.

"நான் கருவாடு வித்தவ சார். மாசத்துக்கு மாசம் மூட்ட எட கொறஞ்சுக்கிட்டே வந்தா, மூட்டையையா சந்தேகப்படுவிய? கல்லத் தூக்கிப் பாப்பியளா, மாட்டியளா?"

"அது அரசாங்கக் கல்லு அக்கா."

"அதான் சொல்லுதேன்."

பிறகு அவர் தாழ்வான ஒரு கிளையை வளைத்துக் காட்டினார். இலைக் காம்புகளுக்கு நடுவே பச்சைப் பட்டாணி போல மொட்டுகள். நீர்க்குங்கிலி இருபது வருடத்துக்கு ஒரு தரம்தான் பூக்கும். அவர் காவலுக்கு வந்த பிறகு ஒரு முறைகூடப் பூத்ததில்லை. அவருக்கு முன்னால் இருந்த காவலரின் நோட்டில்தான் அவர் அதைப் படித்திருக்கிறார்.

"மார்கழியில வெத விழும். இதுக்கு வேற எங்கயும் வெத கெடையாது சார், எந்த ஆபீஸ் டப்பாவுலயும் இல்ல. மார்கழி வரைக்கும் விட்டாப் போதும். பெறகு வெட்டுனாலும் நான் பொடவையில முடிஞ்சு வச்சிருந்து எங்கயாவது போட்டுருவேன்."

அப்போது புரட்டாசி. விதிப்படி ஏழு நாளுக்குள் நான் சான்றைக் கொடுத்தாக வேண்டும். அந்த ஏழு நாளுக்குள் அளவையாளருக்கு ஐயம் வந்தால் ஒரே ஒரு முறை மறு அளவை எடுக்கலாம். இதுவரை எந்த அளவையாளருக்கும் ஐயம் வந்ததில்லை.

கருவியை மூடப் போனேன். அக்கா ஒரு பொத்தானைக் காட்டி அது எதற்கு என்றார். விரிவாகக் காட்டும், ஆனால் அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன். ஒன்பது வருடத்தில் நான் அதை அழுத்தியதில்லை. கேட்ட பாவத்துக்கு அழுத்தினேன்.

கருவியின் கண்ணாடித் தகட்டில் மரம் சிறு புள்ளியாகத் தெரிந்தது. அதிலிருந்து ஓர் ஒளி இழை கிளம்பிப் பறவைக்குப் போனது. இன்னொன்று தேனீக்கு. பாசிக்கு, பாசியில் தங்கும் பனிக்கு, பனி சொட்டும் ஓடைக்கு. இழை இழையாகப் பிரிந்து தகடு முழுக்கப் பரவி, விளிம்பில் ஊர்களாக மின்னியது. சில இழைகள் மட்டும் நேர் கீழே, பாறைக்குள் இறங்கி மறைந்தன. எங்கே போகின்றன என்று நான் கவனிக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தேன்.

"இதயே கொண்டுபோய் உங்க பெட்டியில வச்சுப் பாருங்க" என்றார் அக்கா.

செவ்வாய்க்கிழமை காலை மூலக்கூடத்தில் யாருமில்லை. கருவியைப் பெட்டியில் தொட்டு விரிவை அழுத்தினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக இருக்கும் பூச்சியை நம்பி உலகத்தில் யாரும் கிடையாது. ஒரு புள்ளி தெரிந்திருக்க வேண்டும், அதைச் சுற்றி வெறும் இருட்டு. அந்த வெறுமைதான் எங்கள் ஒன்று.

இழைகள் சரம் சரமாக வந்தன. சுவர் வழியாக இறங்கித் தரைத்தளக் கேண்டீனுக்குப் போயின. தோசைக் கல்லுக்கு அடியில் ஒரு கொத்தாகத் திரண்டு, சாக்கடைக்குள் புகுந்து, பதினான்கு பல்லிகளுக்கும், ஒரு பூனைக்கும், அந்தப் பூனை போட்ட குட்டிகளுக்கும், மருந்தடிக்கும் ஒப்பந்தக்காரருக்கும், அவர் வீட்டு அடுப்புக்கும் போயின.

கைக்குட்டையை நனைத்துப் ஒன்பது வருடச் சந்தனத்தைத் தேய்த்தேன். கால் மணி நேரம் ஆனது. உள்ளே, பொரிக்கு நடுவில், பழுப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு கரப்பான் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து மீசையை ஆட்டியது. பிறகு பொரித் துளை வழியாக வெளியே வந்து, சுவரில் இறங்கி, வேலையாகப் போய்விட்டது. ஐந்து நிமிடத்தில் வேறொன்று உள்ளே வந்தது.

விசாரித்ததில் நடந்தது தெரிந்தது. சிள்வண்டின் ஆயுள் ஒன்றிரண்டு வருடம். சொர்ணப்பன் என்ற அலுவலக உதவியாளர் ஒவ்வொரு வருடமும் ஈச்சாடிக் குகையிலிருந்து புதிதாக ஒன்றைப் பிடித்து வந்து போட்டிருக்கிறார். அதைப் பற்றி எந்தக் கோப்பிலும் ஒரு வரி இல்லை, ஏனென்றால் அசல் சிள்வண்டு சாகும் என்று எழுத யாருக்கும் மனம் வரவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் சொர்ணப்பன் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவருக்குக் கொடுத்த ஆணையில், பெட்டியில் ஒன்று இருப்பதைத் தினமும் உறுதி செய்யவும் என்று மட்டும் இருந்தது. அவர் தினமும் சந்தனத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தார். ஒன்று இருந்தது.

கேண்டீனில் கரப்பான் வருடத்துக்கு வருடம் பெருகியது. அதை நம்பியவர்களும் பெருகினார்கள். கல்லின் எடை கூடியது. மலையில் மரங்களின் சிள் குறைந்தது.

புதன்கிழமை இயக்குநரிடம் சொன்னேன். முனைவர் சிதம்பரதாணு எந்தச் செய்தியையும் எழுந்து நின்று கேட்பவர், புகைப்படக்காரர் எந்த நேரமும் வரலாம் என்பதற்காக. இதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாருக்குய்யா தெரியும்?"

"கரப்பானுக்குத் தெரியும் சார்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாளே தாமே குகைக்கு வருவதாகவும், புதிய சிள்வண்டு ஒன்றைக் கையோடு கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிடலாம் என்றும், இதற்குக் கோப்பு தேவையில்லை என்றும் சொன்னார். எனக்கும் அது சரியாகப் பட்டது. கல்லை மாற்றினால் மரம் பிழைக்கும்.

குகை அக்காவின் சரிவிலேயே, மரங்களுக்கு நேர் கீழே இருந்தது. இயக்குநர் வெள்ளைப் பேன்ட்டும் கையில் ஓர் எவர்சில்வர் டப்பாவுமாக வந்திருந்தார். மூடியில் அவரே ஆணியால் காற்றோட்டத் துளை போட்டிருந்தார். வாசலில் நின்று, மானுட அறிவின் பயணம் இருட்டிலிருந்துதான் தொடங்கியது என்று ஆரம்பித்தார். "தலையப் பாத்து சார், பாறை தாழ்ந்திருக்கு" என்றார் அக்கா. பயணம் அங்கேயே நின்றது. குனிந்து போனோம்.

நாற்பது அடி உள்ளே போனதும் குகை அகலமாக விரிந்தது. அக்கா டார்ச்சைச் சுவரில் அடித்தார். சுவர் அசைந்தது. பாறையே தெரியாமல் சிள்வண்டுகள் அப்பியிருந்தன. உடம்பைப் போல நான்கு மடங்கு நீளம் மீசை. எல்லா மீசைகளும் எங்கள் பக்கம் திரும்பி, காற்றைத் தொட்டுப் பார்த்து, மெல்ல அடங்கின. பல்லாயிரம் உயிர் இருந்தும் ஒரு சத்தம் இல்லை. எங்கோ தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. நான் ஏனோ செருப்பைக் கழற்றினேன். கழற்றிய பிறகுதான் தரை முழுக்க அவற்றின் எச்சம் என்று தெரிந்தது.

குகை முகட்டிலிருந்து கூந்தல் போல வேர்கள் தொங்கின. "நம்ம மரத்து வேரு" என்றார் அக்கா, சொந்தக்காரரை அறிமுகம் செய்வதுபோல.

கருவியை நீட்டி விரிவை அழுத்தினேன்.

முதலில் ஒரே ஓர் இழை வந்தது. இரவில் சிள்வண்டு காட்டுக்குப் போய்த் தின்றுவிட்டுத் திரும்புகிறது. அது இடும் எச்சத்தில் பூசணம் முளைக்கிறது. பூசணத்தைக் கண்ணில்லாத பூச்சிகள் மேய்கின்றன, அவற்றைக் குகைச் சிலந்தி தின்கிறது. சூரியன் வராத இடத்துக்குச் சூரியனைக் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றில் சுமந்து வருவது இந்தப் பூச்சி ஒன்றுதான். இழை அங்கே நிற்கவில்லை. பல ஆயிரம் வருட எச்சம் மண்ணாகிக் கிடந்தது, அதை வேர்கள் உறிஞ்சின. இழை வேரில் ஏறியது. பாறையைத் துளைத்து மேலே போய் இருபத்து மூன்று மரங்களாகக் கிளைத்தது. மொட்டுக்கு, தேனீக்கு, இருவாச்சிக்கு, மேகத்துக்கு. ஓடையாகி ஊருக்கு இறங்கி, எங்கள் கேண்டீன் சாம்பார் வரைக்கும் போனது. மரத்தின் இலைகள் உதிர்ந்தன, அவற்றைச் சிள்வண்டு தின்றது, இழை தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்து மறுபடியும் கிளம்பியது. ஒவ்வொரு சுற்றிலும் தடித்தது. தகட்டின் வெளிச்சத்தில் எங்கள் மூவர் முகமும் முகட்டு வேர்களும் பொன்னிறமாகத் தெரிந்தன. எண் ஓடிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு இலக்கமும் ஒன்பது ஒன்பதாக நிரம்பியதும் ஒரு கோடு காட்டி நின்றது.

நான் கருவியிடம் கடைசியாக ஒரு கணக்குக் கேட்டேன். இந்தக் குகைச் சிள்வண்டை ஒன்று என்று வைத்தால் மேலே இருக்கும் மரம் எத்தனை? புள்ளி ஆறு என்றது. யானைக்குக் கேட்டேன். நெல்லுக்குக் கேட்டேன். எதுவும் ஒன்றைத் தாண்டவில்லை. இயக்குநர் தம்மையும் அளக்கச் சொன்னார். அந்த முடிவையும் நாங்கள் கோப்பில் சேர்க்கவில்லை.

"பெட்டியில ஒண்ணுதானே காட்டிச்சு" என்றார் அவர், யாரிடமோ முறையிடுவதுபோல. "சொர்ணப்பன் கொண்டுவந்தது இதே பூச்சிதானய்யா. இதே குகைதான."

"தனியா இருந்துதுல்லா சார்" என்றார் அக்கா. "உங்களயும் ஒரு டப்பாவுல போட்டு மூடிட்டா நீங்களும் ஒண்ணுதான்."

மாநிலத்தின் உயர்ந்த அறிவியல் பதவியில் இருப்பவரிடம் அப்படிப் பேசியவர் யாருமில்லை. அவர் கோபப்படவில்லை. அவரது முட்டிக்கு எதிரே ஒரு சிள்வண்டு வேரின் நுனியில் உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினால் டப்பாவுக்குள் வந்துவிடும். கையை நீட்டினார். சிள்வண்டு நகராமல் மீசையால் அவர் விரலைத் தொட்டது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை, நிதானமாக, என்னவென்று தெரிந்துகொள்ளப் பார்த்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்து, காலி டப்பாவை மூடினார்.

"இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் வெள்ளைப் பேன்ட்டின் பின்பக்கத்தை அக்கா ஒரு கொத்து இலையால் தட்டிவிட்டார். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

ஜீப்பில்தான் சிக்கல் எனக்கு முழுதாகப் புரிந்தது. படிக்கல் கெட்டுப்போனது என்று எழுதினால் நிபுணர் குழு போட வேண்டும், அதற்குப் பதினான்கு மாதம் ஆகும், சான்று திங்கட்கிழமை போயாக வேண்டும். அதைவிடப் பெரிது இன்னொன்று. கரப்பானை வைத்து நான் இந்த ஐந்து வருடத்தில் நாற்பத்தொரு சான்று எழுதியிருந்தேன். ஒரு சதுப்புப் புல். நகத்தளவுத் தவளை ஒன்று. மழைக்கு முதல் நாள் மட்டும் மணக்கும் ஒரு கொடி. நாற்பத்தொன்றும் இப்போது எங்கும் இல்லை. அந்தக் கொடியின் மணம் எப்படி இருக்கும் என்று எழுதி வைத்தவர்கூட இல்லை. சான்றில் அதற்கும் கட்டம் கிடையாது. ஒவ்வொன்றின் அடியிலும் என் கையெழுத்து, தேதியோடு, தெளிவாக.

இயக்குநரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் போலும். சோதனைச் சாவடி தாண்டியதும் கேட்டார்.

"நாற்பத்தொண்ணுல எதையாவது திருப்பிக் கொண்டுவர முடியுமாய்யா?"

"முடியாது சார்."

ஊர் வரும்வரை அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மூடியில் இருந்த துளைகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை என்னை அழைத்து இரண்டு தாள்களைக் கொடுத்தார். ஒன்று நீர்க்குங்கிலிக்கு மறு அளவை எடுக்க உத்தரவு. மற்றொன்று கட்டடப் பராமரிப்புப் படிவம். அதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் வேண்டாம், அவர் கையெழுத்தே போதும். மூலக்கூடத்துக்கு என்னோடு வந்து, பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றார். கும்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். குனிந்து, நான் துடைத்துவிட்ட இடத்தில் கொஞ்சம் சந்தனத்தைப் பூசினார்.

திங்கட்கிழமை மறு அளவை எடுத்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆயிரத்து நானூற்று முப்பத்தொன்று. சொன்னதும் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"கல்ல மாத்திட்டியளா?"

"கல்லு அதேதான் அக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கருவாட்டு வியாபாரத்தில் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருப்பார்.

நீர்க்குங்கிலிக்கும் அதன் அடியில் உள்ள குகைக்கும் இருபத்தைந்து வருடம் பாதுகாப்பு என்று ஆணை வந்தது. சுரங்கத்துக்கு வேறு மலை தேடுகிறார்கள். ஐப்பசியில் இருபத்து மூன்று மரமும் ஒரே நாளில் பூத்ததாகவும், சரிவு முழுக்க வெள்ளையாகி, அடிவாரத்தில் பேருந்தை நிறுத்தி ஆட்கள் இறங்கிப் பார்த்ததாகவும் அக்கா போன் செய்தார். மார்கழி நான்காம் தேதி மறுபடி செய்தார். "சார், விழுந்துட்டு" என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு விதை. நான் நேரில் போனபோது உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் காட்டினார். இரண்டு இறகோடு, பறக்கத் தயாராக இருந்தது. குகை வாசல் ஈரத்தில் சில விதைகள் அதற்குள்ளாகவே முளைவிட்டிருந்தன.

வாசல் கல்லில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: ஐயம் கொண்டு, மறு அளவை செய்து, அரிய மரத்தைக் காத்த துறை. பொன்னெழுத்துத்தான். பைக்குகளை இப்போது கல்லின் மறு பக்கம் சாய்க்கிறோம்.

ஆணையின் இணைப்பில் இல்லாத ஒரு விவரம் உண்டு. மறு அளவைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கேண்டீனில் கரப்பானுக்கு மருந்து அடித்திருந்தோம். பெட்டியின் துளையை மட்டும், உள்ளே ஒன்று இருக்கும்போதே, பஞ்சு வைத்து அடைத்திருந்தோம்.